பத்து நாள் பழைய அழுகை

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஃபோன் அடித்தது. பேத்தி யாழினி.

சென்னையில், ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் அகாடமியில் அவள் சேர்ந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. ஞாயிறு மட்டும்தான் கையில் ஃபோன் கொடுப்பார்கள். எடுத்ததுமே "தாத்தா!" என்று கத்துகிறவள், அன்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்னால முடியல தாத்தா. ஒருத்தி தப்பு பண்ணா எல்லாரும் தரையில உருளணும். முட்டி ரெண்டும் தேய்ஞ்சுக்கினு இருக்குது. நீ வந்து கூட்டிக்கினு போயிடு. அப்பாகிட்ட மட்டும் சொல்லாத."

வைத்துவிட்டாள்.

ஏன் என்னிடம் சொன்னாள்? அது எனக்குத் தெரியும். இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தானே!

அவளுடைய அப்பா, என் மகன் குமரன், பதினேழு வயதில் புனேக்குப் பக்கத்தில் இருக்கும் ராணுவ அகாடமிக்குத் தேர்வானான். மூன்றாவது வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. 'அப்பா, வந்து அழைத்துப் போங்கள்.' நான் அப்போது இங்கே பள்ளியில் ஆங்கில வாத்தியார். அகாடமிக்கு ஒரு விலகல் கடிதம் எழுதினேன்... தப்பே இல்லாத ஆங்கிலம். எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அங்கே வந்து நின்றவன் வேறு பையன். முடியை ஒட்ட வெட்டி, கறுத்து, நெஞ்சை நிமிர்த்தி.

"அப்பா, அது எழுதி பத்து நாள் ஆச்சுப்பா. இப்ப சரியாயிட்டேன். நீங்க போங்க."

நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. "உங்க அம்மா சாப்பிட்டே நாலு நாள் ஆகுதுடா" என்றேன்.

பொய். அவள் வேளைக்கு மூன்று இட்லி சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாப்பாடு இறங்காதது எனக்கு. அதைச் சொல்ல வெட்கம்.

அம்மாவுக்காக அவன் பெட்டியைக் கட்டினான். அரக்கோணத்தில் இறங்கும்வரை ரயிலில் ஷூவைக் கழற்றவே இல்லை. இன்று எங்கள் ஊர் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் மேனேஜர். தினமும் காலையில் ஷூவை முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போடுகிறான். போட்டுக்கொண்டு போய், கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறான். பட்டுக் கடைக்குள் செருப்பு, ஷூ கூடாதே! முப்பது வருடமாக இது நடக்கிறது. நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, பேத்திக்கு வருவோம். திங்கட்கிழமை காலை, பையில் இரண்டு வேட்டி வைத்தேன். பேப்பர் எடுத்து அகாடமிக்கு ஆங்கிலத்தில் முதல் வரி எழுதினேன். படித்துப் பார்த்தால், முப்பது வருடத்துக்கு முன்னால் எழுதிய அதே வரி! கை நின்றுவிட்டது. போனாலும் தப்பு, போகாவிட்டாலும் தப்பு என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

"யாருக்குப்பா லெட்டர்?"

பின்னால் குமரன், கையில் பாலிஷ் பிரஷ். மறைக்க நேரமில்லை. சொல்லிவிட்டேன்.

"எத்தினியாவது வாரம்?"

"நாலு."

"எனக்கு மூணாவது வாரமே அழுகை வந்துச்சு. உங்க பேத்தி கெட்டிதான்" என்று சிரித்தான். "அடுத்த ஞாயிறு அவ பண்ணுவா. நீங்கதான் எடுக்கணும். அப்பவும் அழுதா, நானே உங்களை வண்டியில இட்டுக்கினு போறேன். அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனீங்க..."

ஆறு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த முறை அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிறு வந்தது. ஃபோன் வந்தது.

"தாத்தா! அப்பா எங்க? ஷூ பளபளப்பு பத்தலைன்னு எங்க ஸ்குவாடு பொண்ணுங்க எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டாங்க. அப்பா ஷூ மட்டும் கண்ணாடியாட்டம் இருக்குமே, எப்படின்னு கேக்கணும்."

"போன வாரம் அழுதியேம்மா?"

"அதுவா? அது புதன்கிழமையே போயிடுச்சே. நீ ஃபோனைக் குடு தாத்தா!"

பால் பாக்கெட்டில்கூடத் தேதி பார்த்துத்தான் வாங்குகிறோம். அழுகையில் யார் பார்க்கிறோம்? ஆனால் ஒன்று... புதன்கிழமை போகாத அழுகையும் உண்டல்லவா? எதற்கு பஸ் ஏறுவது, எதற்கு ஏறக்கூடாது? இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

குமரன் பாலிஷ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஈரப் பஞ்சு, துளி பாலிஷ், சின்னச் சின்ன வட்டம், அவசரமே கூடாது. சேரில் உட்கார்ந்திருந்தவன் எப்போது எழுந்து, குதிகால் சேர்த்து நின்றான் என்று நான் கவனிக்கவில்லை.

அவன் ஃபோனை வைத்ததும், "குமரா, அன்னிக்கு உங்க அம்மா சாப்பிட்டாடா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்பா. வந்த அன்னிக்கே அம்மா சொல்லிட்டாங்க. அந்த பாலிஷ் டப்பாவை மூடுங்க, காய்ஞ்சிடும்."

மூடினேன். அவன் மன்னித்துவிட்டானா, பேச்சை மூடச் சொன்னானா... நீங்களே சொல்லுங்கள்.