எதிரே நின்ற டீச்சர்

என் நாட்டிய வகுப்பு வாசலில் இன்று முழங்காலில் கழி விழும் சத்தம் கேட்டது. அடித்தவர் ராஜம் டீச்சர். அடி வாங்கியது, என்னிடம் சேர்க்க அவர் கூட்டிவந்த பேத்தி. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு மறக்குமா?

எட்டு வயதில் அவரிடம் ஆடக் கற்றேன். ஜன்னல் வழியே பனியன் துணி வெளுக்கும் பிளீச்சிங் வாடை வரும். டீச்சர் எங்களுக்கு எதிரே நின்று வலது காலைத் தூக்குவார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் நான் இடது காலைத் தூக்குவேன். உடனே அடி விழும். ஆண்டு விழாவுக்காக அம்மா தன் கலியாணப் பட்டுச் சேலையை வெட்டிப் பாவாடை தைத்திருந்தாள். விழாவன்று காலையில் டீச்சர் என்னை வரிசையிலிருந்து இழுத்துவிட்டார்.

"உனக்கு ஆட்டம் வராது கண்ணு. ஊட்டுக்குப் போயி நூல் சுத்து."

"நீங்க திரும்பி நின்னு காட்டுனா ஆடிருவேனுங்க டீச்சர்."

"எனக்கே பாடமா?"

இன்று நான் பேத்திக்கு முதுகைக் காட்டி நின்று வலது காலைத் தட்டினேன். அவளும் சரியாகத் தட்டினாள்.

"நானும் அடிச்சு அடிச்சுச் சொன்னேனுங்க, வரவேயில்ல," என்றார் டீச்சர்.

"பாப்பா மேல தப்பில்லீங்க. உங்களுக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியலீங்க," என்றேன், பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் தலை குனியும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.