தார் ரோட்டைக் கடந்த புல்டோசர்

எழுபதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஒரு கான்ட்ராக்டரிடம் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரை உயர்த்துவது, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது என்று எங்கே சொல்கிறாரோ அங்கே வேலை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சவுக்குத் தோப்பை வெட்டி முடித்திருக்கிறார்கள், அடிக்கட்டைகளை எல்லாம் பிடுங்கி எடுத்தால் மழைக்கு முன் புதுக் கன்று நடலாம் என்றார்.

அப்போதே எனக்கு உறுத்தியது. சவுக்குக் கட்டையைக் கடப்பாரையும் கோடாலியும் வைத்துத்தான் பேர்ப்பார்கள். பேர்த்த வேர் பக்கத்துக் குப்பத்து அடுப்புக்குப் போகும். அதற்கு எதற்குப் புல்டோசர் என்று கேட்டேன். சீக்கிரம் முடியணும் என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இன்னொன்றும் இடித்தது. இரும்புச் சங்கிலியில் ஓடும் வண்டி தார் ரோட்டில் போகக்கூடாது என்பது சட்டம். தார் பெயர்ந்துவிடும். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். லாரியைத் தோப்புக்குள் இறக்கினால் மணலில் புதைந்துகொள்ளும். அதனால் ரோட்டுக்கு மேற்கே கெட்டித் தரையில் வண்டியை இறக்கி, குறுக்கே கடந்து கிழக்கே தோப்புக்குப் போக வேண்டும். அந்தச் சில அடிக்கு நெடுஞ்சாலை ஆபீசில் அனுமதி, காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள், இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி, தாரின் மேல் பரப்பப் பழைய லாரி டயர்கள். எல்லாவற்றையும் கான்ட்ராக்டர் தானே ஓடி ஏற்பாடு செய்தார். டிராக்டருக்குப் பின்விளக்கு மாட்டச் சொன்னால் முகம் சுளிக்கிற மனிதர் அவர்.

காலையில் டயர்களை வரிசையாகப் போட்டு, கொடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏறினேன். கல்பாக்கம் போகிற பஸ் ஒன்று நின்றது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். நடு ரோட்டில் இருக்கும்போது எதிரே குப்பத்து ஜனங்கள் திரண்டு வந்துவிட்டார்கள். கடற்கரைக்கும் தோப்புக்கும் நடுவில் இருந்தது அவர்கள் குப்பம். அங்கே நிலம் எடுக்கப்போகிறார்கள், இங்கே எடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். மீன் கூடையோடு ஒரு அம்மா முன்னால் வந்து டயர் மேலேயே நின்றுகொண்டாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"இன்னாத்துக்கு இந்த மிஷினு?" என்றாள்.

கட்டை பிடுங்கத்தான் அக்கா என்றேன்.

"கட்ட புடுங்க போலீசு எதுக்கு வந்துகீது?"

கான்ஸ்டபிள் ரோட்டுக்காக வந்திருக்கிறார், வேறு எதற்கும் இல்லை என்று சட்டத்தை விளக்கினேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"ரோட்டுக்கு நோவக்கூடாதுன்னு டயரு போட்டுகினு வர்ற. எங்க வூட்டுக்கு இன்னா போடுவ?"

கான்ஸ்டபிள் லத்தியை எடுத்தார். வேண்டாம் என்று அவரை நிறுத்தி, தோப்பின் கிழக்கு ஓரத்தில் இருந்த பனை வரிசையைக் காட்டினேன். அதைத் தாண்டி வண்டி வராது, நம்பிக்கை இல்லாவிட்டால் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிவிட்டு வழி விட்டார்கள்.

உண்மையாகவே வந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் வலையைக் கொண்டுவந்து பனையடியில் வைத்துச் சிக்கெடுத்தார்கள். அந்த அம்மா மீன் விற்றுத் திரும்பியதும் நேராக அங்கே வந்துவிடுவாள். நான் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அத்தனை கண்ணும் சங்கிலி மேலேயே இருக்கும். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் கான்ட்ராக்டரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பனைகளுக்கு அப்பால் சுண்ணாம்பு அடித்த கற்கள் திடீரென்று முளைத்திருந்தன. யார் நட்டது என்று கான்ட்ராக்டரிடம் கேட்டதற்குச் சர்வேக்காரன் என்றார். எந்தச் சர்வே என்றால் சிகரெட் பற்றவைத்தார். ஒருநாள் காரில் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் கட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக் கையை விரித்து விரித்து ஏதோ அளந்தார்.

தோப்பு வேலை முடியப்போகும் நேரத்தில் கான்ட்ராக்டர் என் பக்கத்தில் வந்து, பனையைத் தாண்டி இருக்கும் மணல் மேட்டையும் கொஞ்சம் சமன் செய்துவிடு என்றார். மேட்டுக்குப் பின்னால்தான் முதல் குடிசை. பனைக்கும் மேட்டுக்கும் இடையே பஞ்சாயத்து சரளை போட்ட வழி ஒன்று ஓடியது.

"அது பொது வழி சார். குறுக்க போறதுக்குப் பஞ்சாயத்துல பர்மிசன் வாங்கணும். கான்ஸ்டபிள் வேணும்" என்றேன்.

"அது ஒரு ரோடாப்பா?"

"தார் ரோட்டுக்கு நீங்கதான் சார் எல்லாம் சட்டப்படி செஞ்சீங்க."

நீ யார் பக்கம் என்று கேட்டார். நான் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஆயில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பனையடியில் வலை சிக்கெடுத்தவர்கள் எங்கள் பேச்சைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டார்கள்.

அன்றைக்கே குப்பத்திலிருந்து பஞ்சாயத்து ஆபீசுக்கு ஆள் போனது. மறுநாள் கான்ட்ராக்டர் போய்க் கேட்டபோது அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். கடலைப் பார்த்து ஓட்டல் கட்ட யாரோ இடம் தேடினார்கள் என்று லாரி டிரைவர் பிறகு சொன்னான். அது எவ்வளவு தூரம் நிஜம் என்று எனக்குத் தெரியாது. தோப்பில் மழைக்கு முன் சவுக்குக் கன்று நட்டது மட்டும் நிஜம். கான்ட்ராக்டர் அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

வண்டியைத் திரும்பக் கொண்டுபோன அன்று, டயர் பரப்பக் குப்பத்து ஆட்களே வந்தார்கள். வண்டி சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்று அவசரமாகப் போட்டார்கள். அந்த அம்மாவும் நின்றிருந்தாள். நான் சும்மா இருக்காமல், சொன்ன மாதிரி பனையோடு நிறுத்திவிட்டேன் பார்த்தீர்களா அக்கா என்றேன்.

"நீ நின்ன. நாளைக்கு வேற டிரைவரு வந்தா நிப்பானா?"

புல்டோசரை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி முடிக்கிற வரைக்கும் அவர்கள் ரோட்டோரத்தை விட்டு நகரவில்லை. லாரி கிளம்பியபோது கை அசைக்கலாமா என்று நினைத்தேன். அசைக்கவில்லை.