கரியாலூரில் கிடைக்காத மன்னிப்பு

காலை ஆறு ஐம்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. நோன்புப் பெருநாள் முடிந்ததிலிருந்து எங்கள் குடும்பம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறது. அண்ணன் பிள்ளைக்குப் பெயர் வைக்கத் திருக்கோவிலூர் போனோம். என் நிச்சயதார்த்தத்துக்குச் சங்கராபுரம் போனோம். பிறகு அம்மாவின் உம்ரா பயணத்துக்காக ஒவ்வோர் உறவு வீடாக ஏறி இறங்கினோம். மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் எல்லோரையும் நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். "மனசு நோவற மாதிரி ஏதாச்சும் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க" என்பாள் அம்மா. "அய்யே, நீங்க இன்னா பேசினீங்க? எங்களுக்கும் துவா செய்யுங்க" என்பார்கள். அப்புறம் பிரியாணி வரும். எல்லா வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில், அதே பிரியாணி.

எனக்கு எரிச்சல் மட்டுமில்லை, பயமும் இருந்தது. போன வருஷம் அம்மாவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து அவள் வாயில் 'வந்த பிறகு' என்ற பேச்சே கிடையாது. என் கல்யாணச் சேலை எப்போது எடுப்பது என்று கேட்டால், "உங்க அத்தா பாத்துப்பாரு" என்று அப்பா தலையில் கட்டுகிறாள். பீரோ சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். ஊருக்குப் போகிறவள் மாதிரி இல்லை, வீட்டைக் காலி செய்கிறவள் மாதிரி இருந்தது. இன்னும் நான்கு நாளில் மாமாவோடு விமானம் ஏறுகிறாள். பாக்கி இருந்தது ஒரே ஒரு வீடு. அது கல்வராயன் மலையில்.

ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய் கொடுத்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஏழு இருபதுக்கு மலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தோம். அம்மாவின் பையில் துணி சுற்றிய ஒரு தேன் பாட்டில். கையில் வாந்தி வராமலிருக்க ஓர் எலுமிச்சம்பழம்.

கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கரியாலூரா? அருவில தண்ணி கம்மிம்மா. இப்ப போய் இன்னா பாக்கப் போறீங்க?"

"ஆளப் பாக்கப் போறோம்" என்றாள் அம்மா.

அந்த ஆள் சின்னப்பொண்ணு. மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கூடையில் கொண்டுவந்து எங்கள் நாட்டு மருந்துக் கடையில் கொடுத்துக்கொண்டிருந்தவள். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஒருநாள், அத்தா ஊரில் இல்லாததால் அம்மா கல்லாவில் இருந்தாள். முந்தைய முறை வாங்கிய பாட்டிலின் அடியில் தேன் வெள்ளையாக, சர்க்கரை போல உறைந்திருந்தது. சின்னப்பொண்ணு கூடையோடு வந்து நிற்க, கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "இன்னா, பாகு காச்சி ஊத்திக்கினு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டாள் அம்மா. வந்தவள் அப்படியே கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு எங்கள் கடைப்படி ஏறவேயில்லை. அந்தப் பாட்டில் பரணில் கிடந்தது. ஒரு கோடையில் பரணைச் சுத்தம் செய்தபோது மாடி வெயிலில் வைத்தோம். உறைந்ததெல்லாம் இளகித் தெளிந்துவிட்டது. அத்தா ஒரு சொட்டு நக்கிப் பார்த்து, "அசல் மலைத்தேன், சில சமயம் அப்படித்தான் உறையும்" என்றார். போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே? அம்மாவின் வீம்பு விடவில்லை.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் வழிவிடாமல் எங்களை இழுத்தடித்தது. கோமுகி அணை தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அம்மா கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. செல்போனில் சிக்னல் போய்விட்ட பிறகும் அதையே தடவிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதேகாலுக்குக் கரியாலூர். கீழே கொளுத்திய வெயில் இங்கே இதமாக இருந்தது. டீ பதினைந்து ரூபாய். சேலத்திலிருந்து வேனில் வந்த கூட்டம் படகுத்துறையைத் தேடிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரரிடம் வழி கேட்டு, மண்பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்தோம். அம்மா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

சின்னப்பொண்ணு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பாயம்மாவா? குந்துங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். சாமைச் சோறும் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை மழையையும் புளி விலையையும் பற்றித்தான் பேச்சு.

அம்மா கை கழுவிவிட்டு வழக்கமான பாடத்தைத் தொடங்கினாள். "ஏதாச்சும் மனசு நோவற மாதிரி பேசியிருந்தா..."

"பேசினீங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

இத்தனை வீடுகளில் யாரும் சொல்லாத பதில். அம்மா பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தாள். "உன் தேனுதான். நல்ல தேனு. நான்தான் தெரியாம பேசிட்டேன். நாலு நாள்ல மக்காவுக்குப் போறேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிடு."

சின்னப்பொண்ணு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இங்க யாரு இருக்காங்க பாயம்மா? நானும் நீங்களும் உங்க பொண்ணும். அன்னிக்கு கட நெறைய ஆளு நின்னுக்கினு இருந்தாங்க. வைகாசில தேன் எடுத்துக்கினு கடைக்கு வரேன். நீங்க கல்லாவுல இருங்க. அத்தினி பேரு முன்னாடி சொல்லுங்க. அப்ப மன்னிக்கிறேன்."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கம்மாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்குங்க" என்றேன்.

"சும்மா இருடி" என்ற அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "அதுக்குள்ள எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, சின்னப்பொண்ணு?"

"ஆவக் கூடாது. அப்புறம் நான் யாரண்ட போய் கேக்கிறது? வந்துதான் ஆவணும் நீங்க."

சொல்லிவிட்டு மறுபடி புளி தட்ட உட்கார்ந்துவிட்டாள். புறப்படும்போது பாட்டிலை அம்மாவின் பையிலேயே திரும்ப வைத்தாள். "கடையிலயே இருக்கட்டும். நான் வர்றப்ப இது அங்க இருக்கணும்."

பன்னிரண்டரை மணி பஸ். இறக்கம் முழுக்க அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். கேட்ட ஒரே வார்த்தையைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாளே என்று நான் உள்ளுக்குள் சின்னப்பொண்ணுவைத் திட்டிக்கொண்டே வந்தேன். கரியாலூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, பங்குனியில் அருவியில் தண்ணீர் கம்மி. நான் வேறெதையும் பார்க்கவில்லை. மலையை விட்டு இறங்குகிறோம் என்ற வருத்தமும் இல்லை. வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

கோமுகி அணையருகில் பஸ் நின்றபோது அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திமிர் புடிச்சவ" என்றாள். சிறிது நேரம் கழித்து, "அவ கேக்கறதும் ஞாயந்தான்" என்றாள்.

பிறகு பையைத் திறந்து, பாட்டிலைச் சுற்றிய துணியை இறுக்கினாள்.

"வைகாசில வருவா. அவளுக்கு பேரீச்சம்பழம் ரெண்டு கிலோ தனியா எடுத்து வெக்கணும். நசீமா, அண்ணிகிட்ட இருந்து பீரோ சாவிய வாங்கிக் குடு. நான் வந்ததும் உனக்குச் சேலை எடுக்கப் போலாம். உங்க அத்தாவுக்கு கலர் இன்னா தெரியும்?"