கியர் விழாத அந்த மூன்று நொடி

இதை எழுத வேண்டாம் என்றுதான் மனைவி சொன்னாள். கதை விடுகிறேன் என்று நாலு பேர் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். அன்றைக்கு வண்டிக்குள் என் மச்சினனும் இருந்தான். நான் கேட்டதை அவனும் கேட்டான். அந்த வண்டி இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு எஸ்யூவி வாங்கினோம். ஏழு சீட், ஆட்டோமேட்டிக் கியர். நான், மனைவி, இரண்டு பெண்கள், அப்பா என்று குடும்பமே ஏறினாலும் இடம் மிச்சம். ஒரே ஒரு குறை. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு லீவரை 'டி'யில், அதாவது டிரைவில், போட்டால் வண்டி உடனே நகராது. ஒன்று... இரண்டு... மூன்று. அப்புறம் ஒரு சின்ன உலுக்கல். பிறகுதான் கிளம்பும்.

"வண்டி யோசிக்குதுப்பா" என்பாள் சின்னவள்.

மச்சினன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற மெக்கானிக். ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொன்னான். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். எந்தக் கோளாறும் காட்டவில்லை. கியர் ஆயிலை இறக்கினான். கருகிப்போய், தார் மாதிரி இருந்தது.

"இத வச்சுக்கிட்டு எந்த வண்டிதான் மாமா ஓடும்? நானே நகர மாட்டேன்."

புது ஆயில், புது ஃபில்டர். மறுபடி ஓட்டிப் பார்த்தோம்.

ஒன்று... இரண்டு... மூன்று.

அவன் முகம் சுருங்கியது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். கியர் விழுவதற்குச் சற்று முன்னால், பின்பக்கமிருந்து ஒரு சத்தம். டப். யாரோ கதவை மெல்லச் சாத்துவது போல.

"பின்கதவு சரியா சாத்தலையா?"

"எல்லாம் லாக் ஆகியிருக்கு மாப்ள."

"அப்ப வால்வ் பாடிலேர்ந்துதான் வரணும்."

ஆயிலை எந்த நேரத்தில் எந்த கியருக்கு அனுப்புவது என்று பார்த்துக்கொள்கிற பகுதி அது. அதற்குள் சொலினாய்டு என்று விரல் நீளத்தில் சில மின் வால்வுகள் இருக்கும். ஒன்றின்மேல் அவனுக்குச் சந்தேகம். மாற்றிவிட்டான். எல்லாம் பூட்டி முடிக்கச் சாயங்காலம் ஆறரை ஆகிவிட்டது. வெளியே தூறல்.

அவன் ஓட்டினான். சத்தம் கேட்பதற்காக நான் பின்சீட்டில்.

'டி'யில் போட்டான். சட்டென்று நகர்ந்தது. வெண்ணெய் மாதிரி.

"எப்படி?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பாராட்டலாம் என்று வாயெடுத்தேன்.

டம்.

டிக்கிக் கதவில். கண்ணாடிக்கும் கீழே. உள்ளங்கையால் தட்டினது போல.

டம்... டம்...

"டிக்கி லூஸா மாமா?"

"இல்ல."

கூடவே இன்னொரு சத்தம். ஈரத் தரையில் செருப்பு அடிபடுகிற சத்தம். சின்னச் செருப்பு.

சளப்... சளப்... சளப்...

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் மழைத்துளி. தெரு காலி.

அவன் வேகத்தைக் கூட்டினான். பின்னால் ஓட்டமும் கூடியது.

அப்புறம்... அந்தக் குரல்.

"இருங்க... நான் இன்னும் ஏறல..."

மூச்சு வாங்கியது. பேய் என்றால் கோபம் இருக்கும், சிரிப்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதில் அப்படி எதுவும் இல்லை. தன்னை விட்டுவிட்டுப் போகிறார்களே என்ற பதற்றம் மட்டும்தான்.

"நிறுத்து மாப்ள."

"மாமா, வேணாம்..."

"நிறுத்துடா!"

நின்றது. வைப்பர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். பிள்ளை பெற்றவன் கை... அதுவாகத் திறந்தது.

வெளியே யாரும் இல்லை.

என் பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கியது.

ஜில்லென்று ஈரம்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டப்.

மூச்சிரைப்பு... கொஞ்சம் கொஞ்சமாக... அடங்கியது.

மச்சினன் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. வண்டியை ஷெட்டுக்குத் திருப்பினான். வழியில் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

மறுநாள், கழற்றிய சொலினாய்டை அவன் தனியாகச் சோதித்துப் பார்த்தான். அதில் ஒரு குறையும் இல்லை.

வண்டியை விற்ற தரகரிடம் பழைய உரிமையாளரின் நம்பரை வாங்கினேன். போனை எடுத்தவர் ஓர் ஆண். எந்த வண்டி என்று சொன்னேன். நான் கேட்காமலே நடந்ததைச் சொன்னார்.

பெட்ரோல் பங்கில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டதாம். கீழே இறங்கி நின்றவர்கள் எல்லோரும் அடித்துப் பிடித்து ஏறியிருக்கிறார்கள். ஐந்து வயது மகள் பின்சீட்டில் பெரியம்மாவோடு இருக்கிறாள் என்று ஓட்டிய இவரும் அவள் அம்மாவும் நினைத்திருக்கிறார்கள். முன்னால் அம்மா மடியில் இருக்கிறாள் என்று பெரியம்மா நினைத்திருக்கிறார். வண்டி கிளம்பிவிட்டது. குழந்தை மெயின் ரோடு வரை பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். அந்த மழையில், எதிரே வந்த லாரிக்காரருக்கு அவள் தெரியவில்லை.

"ரெண்டு மூணு செகண்ட் லேட்டா கிளம்பியிருந்தாக்கூட கதவ பிடிச்சிருப்பா என் பொண்ணு..."

கியர் தாமதம், தட்டல், நான் கதவைத் திறந்தது... எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"எங்ககிட்ட இருந்தப்ப கியர் ஒரு நாளும் லேட் ஆனதே இல்ல" என்றார். "தட்டுற சத்தம் மட்டும் தினமும் கேக்கும்."

பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"நீங்க திறந்ததும்... ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

மறுமுனையில் அவர் அழுவது கேட்டது.

"நாங்க திறக்காத நாளே இல்லைங்க. அவ அம்மா மழையில நின்னு கூப்பிட்டுப் பாத்தா... நாங்க கூப்பிட்டு அவ ஒரு தடவகூட ஏறல."