பதிமூன்றாவது வேகத்தடை

அலங்காநல்லூர் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சரின் கழுத்தில் ஒரு கயிற்றில் கைப்பேசி தொங்கியது. கண்டக்டர் விசிலடித்தாலும் பால் கேன் உருண்டாலும் அதைத் தூக்கிச் சத்தத்தைப் பதிவு செய்தார். ஒன்பது முறை. எரிச்சலோடு, எதற்கு என்று கேட்டேன்.

"படம் காட்டுனா பிள்ளைக எல்லாம் ஒண்ணுபோல எழுதுதுகய்யா. வகுப்புல சத்தத்தை மட்டும் போட்டுவிட்டா ஆளுக்கொரு கதை எழுதுதுக. ஒருத்தி மட்டும் இன்னும் வெறும் தாளைத்தான் குடுக்குறா."

நான் வழக்கம்போல வேகத்தடைகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பதிமூன்று என்றபோது, "இதையும் எடுத்துக்கிறட்டுமாய்யா?" என்றார். தலையாட்டினேன்.

மறுவாரம் என்னைப் பார்த்ததுமே சிரித்தார். "முப்பத்தோரு பேர்ல இருபது பேருக்கு நீங்க ஆடு எண்ணுறவரு. வெறும் தாள் குடுப்பாளே, அவ மட்டும், வாடிவாசல்ல தன் மாட்டுக்கு முன்னால எத்தனை மாடு நிக்குதுன்னு எண்ணுறவருன்னு எழுதியிருக்கா. கொரல்ல அம்புட்டுப் பதட்டமாம்! ஏழு வரிய்யா!"

தாளை வாங்கி எண்ணினேன். எட்டு வரி. கடைசி வரியில் என் மாடு யார் கையிலும் சிக்காமல் ஓடியிருந்தது. "எட்டும்மா" என்றேன். டீச்சர் கைதட்டியதில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பேருந்தில் ஏறினால் கொஞ்சம் சத்தமாகவே எண்ணுகிறேன்.