காமெடி சீரியலுக்குக் கறுப்புப் பூசினேன்

எல்லாரும் மேக்கப்காரியிடம் வருவது சிவப்பாவதற்குத்தான். கறுப்பாக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தவர்கள் டிவிக்காரர்கள் மட்டுமே. தென்காசியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். குற்றாலத்தில் ஒரு காமெடி சீரியல் ஷூட்டிங்குக்கு இருபது நாள் கூப்பிட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்து, ‘பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி’ என்று முகத்துக்கு நேரே சொல்லி, அதன்பிறகும் இன்னொரு காபிக்கு டம்ளரை நீட்டியவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வேலைக்காரி வேஷம்

கதையில் ஒரு கறுப்பு வேலைக்காரி. அந்த வேஷம் கேட்டு ஆலங்குளத்திலிருந்து செல்வி வந்திருந்தாள். நாடகங்களில் நடித்தவள், என்னைப் போலவே நல்ல கறுப்பு. டைரக்டர் பார்த்தார். “டிவியில எடுபடாதும்மா, கூட்டத்துல நில்லு” என்றுவிட்டார்.

மறுநாள் சென்னையிலிருந்து வெள்ளைவெளேரென்று ஒரு பெண் வந்து இறங்கினாள். முகம், கழுத்து, கை என்று ஒரு மணி நேரம் கறுப்பைப் பூசினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வி மெதுவாகக் கேட்டாள்: “கறுப்புன்னுதானக்கா என்னைய வேண்டாம்னாவ? பெறவு அவளை எதுக்கு என்னைய மாதிரி ஆக்குதிய?”

ஐந்தருவி ஆப்பிரிக்கர்

அடுத்து, கதாநாயகியைப் பெண் கேட்டு ஆப்பிரிக்க மாப்பிள்ளை வருகிறாராம். உள்ளூர் ஆள் ஒருவருக்குத் தார் மாதிரிப் பூசி ஐந்தருவிப் பக்கம் நிறுத்தினோம். சாரல் அடித்ததில் கன்னத்தில் வரிக்குதிரைக் கோடு விழுந்துவிட்டது. நான் பஞ்சோடு ஓடுவதற்குள், குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தார் நிஜமான ஆப்பிரிக்கர் ஒருவர். கேரளத்தில் படிக்கிறவர், புளியறை வழியாக நண்பர்களோடு வந்திருக்கிறார்.

டைரக்டருக்குச் சாமியே நேரில் வந்த சந்தோஷம். ஓடிப்போய் வசனத்தாளை நீட்டினார். அதில் இருந்தது ‘ஊகா ஊகா’ மட்டுந்தான். நண்பர் ஒருவர் படித்துக் காட்டினார். மாணவர் கோபப்படவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே மலையாளத்தில் கேட்டார்: “சேட்டா, இது ஏது பாஷையா?” அண்ணா, இது எந்த மொழி என்று.

கரண்ட் போச்சா?

பன்னிரண்டாம் நாள் சென்னைப் பெண்ணுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் செல்வியைக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பூச என்னிடம் வேலையே இல்லை. வியர்வையை ஒற்றிவிட்டதோடு சரி. கதைப்படி, அவள் உள்ளே நுழைந்ததும் வீட்டு முதலாளி, “என்னட்டி, கரண்ட் போச்சா?” என்பார். அவள் தலைகுனிய வேண்டும். காமெடி அவ்வளவுதான்.

டேக்கில் செல்வி குனியவில்லை. “கரண்டு இருக்கு அண்ணாச்சி. உங்களுக்குத்தான் கண்ணு மங்கிட்டு” என்றாள். கேமராக்காரரே சிரித்துவிட்டார். டைரக்டரும் “ஓகே” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒளிபரப்பான அன்று ஆலங்குளத்தில் அவள் வீட்டுக்கே போனேன். தெருவே கூடியிருந்தது. செல்வி நுழைந்தாள், முதலாளி கேட்டார், சிரிப்புச் சத்தம் வந்தது, விளம்பரம் வந்துவிட்டது. அவள் பதிலை வெட்டியிருந்தார்கள். அவள் அம்மாதான் டிவியைக் காட்டிக் கேட்டாள்: “ஏட்டி, அவன் சொன்னது மட்டும் கேக்குது. நீ சொன்னது எங்கட்டி?”

முகத்தில் பூசியதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடலாம். வசனத்தில் பூசியதைத் துடைக்க என் பார்லரில் ஒன்றும் இல்லை.