திரைக்கு அந்தப் பக்கத்து நிலா

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் இருக்கிறது. “வரும் சனிக்கிழமை முதல்! சந்திரலோக இளவரசி, ஆகாயக் கப்பலில் கரி தள்ளுகிறவனைக் காதலிக்கும் அதிசயம்!” கிழமை இருக்கிறது, வருஷம் இல்லை. தேதி போடாத காகிதத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். பேசும் படம் வருவதற்கு முன், நான் சேலை கட்டத் தொடங்கியதற்குப் பின். ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதி என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

கன்டோன்மென்ட் மைதானத்து ஓரம் போட்டிருந்த டென்ட் கொட்டகையில் அந்தப் படம் ஓடியது. அங்கே திரை கொட்டகையின் நடுவில் தொங்கும். காட்சிக்கு முன் ஓர் ஆள் ஏணியில் ஏறி அதைத் தண்ணீரால் நனைப்பான். நனைந்த துணியில் படம் மறுபக்கமும் தெரியும். இந்தப் பக்கம் நாற்காலிகள், நாங்கள். அந்தப் பக்கம் தரை, மலிவு டிக்கெட். அவர்களுக்கும் அதே படம்தான், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக. இடையிடையே வரும் ஆங்கில வசன அட்டைகளும் அப்படியே புரண்டுதான் தெரியும். அவற்றை எந்த மனிதன் படிப்பான் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

ஒரு மனிதன் படித்தான். முதல் சனிக்கிழமையே அந்தக் குரலைக் கேட்டேன். திரையில் இளவரசி, “அந்நியனே, நீ எந்த உலகத்தவன்?” என்று ஆங்கில அட்டையில் கேட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அதைத் தமிழில் சொன்னது: “ஏம்பா, எந்த ஊரு நீ? மூஞ்சியெல்லாம் கரியா கீதே, கழுவிக்கினு வரக்கூடாதா?”

தரை டிக்கெட் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். ஆகாயக் கப்பலின் யந்திரங்கள்மேல் அவருக்குப் பைத்தியம், அதனால் அந்தப் படம் ஓடிய எல்லாச் சனிக்கிழமையும் எங்களை அழைத்துப் போனார். ஆனால் படம் முடியுமுன்பே கிளப்பிவிடுவார். வாசலில் தரைக்கூட்டத்தோடு இடிபடக் கூடாது என்பது நாற்காலிக்காரர்களின் வழக்கம்.

பக்கத்தில் இருந்த அண்ணி என் காதில் சொன்னாள்: “நீ படத்தையே பாக்கலை. காதைத்தான் நீட்டிக்கிட்டிருக்கே.”

அந்தக் குரல் ஒருநாள் எங்கள் வாசலுக்கே வந்தது. “சார், ப்ரூஃப் கொண்டாந்திருக்கேன்.” அப்பா எங்கள் மாதா கோயில் சபையின் செயலாளர். சபை மலரை அச்சடித்த பிரஸ்ஸில் அவன் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர், ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறை வீடு. ஈய எழுத்துகளை நாள் முழுக்கப் புரண்டபடியே படிக்கிறவன். புரண்ட அட்டையை அவன் படித்ததில் என்ன அதிசயம்?

“நிலாவுல விருந்து வருதே,” என்றேன், அப்பா கண்ணாடியைத் தேடி உள்ளே போனபோது. “அந்த அட்டைக்கு என்ன சொன்னீங்க? சிரிப்புச் சத்தத்துல காதுல விழலை.”

“எல்லாரும் எடது கையால சாப்பிடுறாங்க, அந்த ஊரு வழக்கம், யாரும் சிரிக்காதீங்கன்னு சொன்னேன்.”

“எடது கையா? வலது கைங்க.”

“நீங்க தூரத்துல நாற்காலியில உக்காந்து பாத்தீங்க,” என்றான் பொறுமையாக. “நான் கிட்டத்துல, தரையிலேர்ந்து பாத்தேன்.”

அவனுக்குப் புரண்டது நேராகத் தெரிந்து பழகிவிட்டது. படமும் புரண்டிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கணத்தில், கட்டினால் இவனைத்தான் என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

அண்ணி மூலம் விஷயம் அப்பாவிடம் போனது. மதராஸில் தந்தி ஆபீஸ் மாப்பிள்ளை ஒருவரை எனக்கு அவர் அநேகமாக முடித்து வைத்திருந்தார். இரண்டு நாள் போனது. பிறகு, “குரல் நல்லாத்தான் இருக்கு. குடித்தனத்துக்குக் குரல் போதுமா?” என்றார். கடைசியில் ஒரு நிபந்தனை: வருகிற சனிக்கிழமை அவன் எங்களோடு நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்கட்டும். நாலு பேர் நடுவில் எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிட்டு, மதராஸுக்குச் சம்மதம் எழுதுவதா வேண்டாமா என்று சொல்வார்.

இரவல் கோட்டில் வந்தான். மூச்சுக்கூட அளந்து விட்டான். படம் தொடங்கியது, முதல் அட்டை வந்தது. பின்பக்கம் மௌனம். பிறகு ஒரு குரல்: “நம்ம ஆளு எங்கப்பா?” இன்னொன்று: “அரே, யாராச்சும் படிங்கப்பா, பொம்மைங்க சும்மா வாயாட்டுது.” விசில் பறந்தது. அவன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்க்காமல் இருந்தான். நான் செபமாலையைத் தேடினேன், கொண்டுவரவில்லை.

விருந்துக் காட்சி வந்தது. அவன் எழுந்தே விட்டான். “ஏய், வலது கை,” என்று திரையைப் பார்த்துக் கத்தினான். “வலது கையாலதான் துன்றாங்கப்பா.”

“வந்துட்டான்யா,” என்றது பின்பக்கம். “எடது கைடா. நீதானே சொன்னே.”

“நான் இப்பப் பாக்குறேன்.”

“நாற்காலியில குந்திக்கினா கையே மாறிப்பூடுமா?”

அப்பா எழுந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஆபீஸ் குரலில், “வலது கைதான். நானும் பாக்கிறேன்,” என்றார்.

“பெரியவரே, இந்தப் பக்கம் வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

அப்பா போனார். ஐந்து வாரம் வாசலில் இடிபடப் பயந்த மனிதர், திரையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நுழைந்தார். அவன் கோட்டைக் கழற்றி அண்ணியின் மடியில் எறிந்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான். சற்று நேரத்தில் பழைய குரல் எழுந்தது, அதற்கு நடுவே அப்பாவின் சிரிப்பும். அப்பா அப்படிச் சிரிப்பாரென்று எங்களுக்குத் தெரியாது. விளக்குப் போட்ட பிறகுதான் படம் முடிந்ததே எங்களுக்குத் தெரிந்தது. நானும் அண்ணியும் அதுவரை திரையின் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா கோட்டெல்லாம் வேர்க்கடலைத் தோலோடு திரும்பி வந்தார். “அவன் சொன்னதும் சரிதான்,” என்றார். “அங்கேயிருந்து பாத்தா எடது கை.” மதராஸுக்கு மறுநாள் எழுதினார், வேண்டாமென்று.

ஒரு குறிப்பு மட்டும் பாக்கி. இளவரசி பூமிக்கு வந்தாளா, கரி தள்ளுகிறவன் நிலாவிலேயே தங்கினானா? கடைசி அட்டையை நான் படிக்கவில்லை. அதைத் தரைக்கூட்டத்துக்குப் படித்த மனிதரை இத்தனை வருஷமாகக் கேட்டு வருகிறேன். என்னோடு சமாதானமாக இருக்கும் நாட்களில் “அவன் அங்கேயே தங்கிட்டான்” என்கிறார், சண்டை நாட்களில் “அவதான் எறங்கி வந்தா” என்கிறார். அப்பாவைக் கேட்டபோது, “அப்ப நான் கடலை உரிச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். படத்தின் பிரதி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. முடிவு இன்னும் சரிபார்க்கப்படவில்லை.